சந்திராதித்தவரை



மயிலாப்பூரைச் சுற்றி வாழும் நம்முடைய வாயில் ஒரு யூதனுடைய பெயர் நாள்தோறும் வருகிறது. பேருந்தில் ஏறி "சாந்தோம் ஒன்று கொடுங்கள்" என்று சீட்டுக் கேட்கும்போது நாம் சொல்லுவது கலிலேயாவிலிருந்து வந்த ஓர் யூதனின் பெயரையே. போர்த்துக்கீசியர் "சான் தோமே" என்று அழைத்த பரிசுத்த தோமா, ஆபிரகாமின் வித்தில் பிறந்தவர். ஜெப ஆலயத்தில் வளர்ந்தவர். பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போனவர். அவர் இந்த மண்ணில் இரத்தசாட்சியாக மரித்து இங்கே அடக்கம்பண்ணப்பட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம் மரபு. அந்தக் கல்லறையின்மேல் எழும்பிய பேராலயத்தை உலகம் வந்து பார்க்கிறது.

அங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத அவ்வை சண்முகம் சாலையில், பழைய பெயரில் சொன்னால் லாயிட்ஸ் ரோட்டில், வேறு சில யூதர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க எவரும் வருவதில்லை. சாலையில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது யூதர்களின் கல்லறைத் தோட்டம் என்பதே தெரியாது. யூதர்கள் இப்படிப்பட்ட இடத்தை எபிரெயத்தில் "உயிருள்ளோரின் வீடு" என்று அழைப்பது வழக்கம். அந்த வீட்டின் வாசலில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுடன் ஒருமுறை நின்றேன். அவர்களில் ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, ஆண்டவர் தள்ளிவிட்ட ஜனம் இவர்கள்தானா?"

அவளிடம் யார் அப்படிச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயரே வந்திருக்கக்கூடும். பல ஆண்டுகள் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில், யூதர்கள் மேசியாவைத் தள்ளினார்கள், ஆகையால் தேவன் அவர்களைத் தள்ளி நம்மைச் சேர்த்துக்கொண்டார் என்று நான் பிரசங்கித்ததுண்டு. அது கேட்பதற்கு இலகுவாயிருந்தது. சொல்லுவதற்கு அதைவிட இலகுவாயிருந்தது. அன்று அவளுக்குச் சரியான பதில் சொல்லாமல் வீடு திரும்பினேன். இந்த வாரத் தியானம் அந்தப் பதிலுக்கான முயற்சி.

பவழம் கொண்டுவந்தவர்கள்

முதலாவது, அங்கே அடக்கம்பண்ணப்பட்டவர்கள் யாவர் என்று பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோல்கொண்டாவின் வைரங்களை வாங்குவதற்காக லண்டனிலிருந்து சென்னப்பட்டணத்துக்கு யூத வணிகர்கள் சிலர் வந்தார்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து வந்த பவழத்தை இங்கே விற்று, வைரத்தை அங்கே அனுப்புவது அவர்களுடைய தொழில். ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கும் பவழக்காரத் தெரு அந்த வணிகத்தின் நினைவாக நிற்கிறது. அவர்களில் ஒருவரான ஜாக் டி பைவா, சுரங்கங்களை நாடிச் சென்ற பயணத்தில் நோயுற்று, 1687ஆம் ஆண்டு இங்கே மரித்தார். பெத்தநாயக்கன்பேட்டையில் இருந்த அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்தின் கற்கள் பின்னாளில் இடம் பெயர்ந்து லாயிட்ஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தன.

1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் பன்னிரண்டு ஆல்டர்மென்களில் மூவர் யூதர்கள்: பார்த்தலோமியோ ரொட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேக்கா. லண்டன் மாநகரத்திலோ யூதர் ஒருவர் மேயராவதற்கு 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊர் அந்த மனிதரை ஏறக்குறைய 170 ஆண்டுகள் முந்தி மேசையில் உட்காரவைத்தது. அதில் வணிக லாபக் கணக்கும் இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் உட்காரவைத்தது.

இப்போது அந்தப் பெயர்களை இன்னொரு முறை வாசியுங்கள். ரொட்ரிகஸ், போர்ட்டோ, ஃபொன்சேக்கா. இவை போர்த்துக்கீசியப் பெயர்கள். யூதர்களுக்கு இவை எப்படி வந்தன? 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியது. 1497இல் போர்த்துக்கல் தன்னிடமிருந்த யூதர்களை வெளியேறவும் விடாமல் பலவந்தமாக ஞானஸ்நானம் பண்ணியது. ஞானத்தகப்பன்மாரின் பெயர்களைச் சுமந்துகொண்டு, வீட்டுக்குள் இரகசியமாக ஓய்வுநாள் விளக்கை ஏற்றி, விசாரணை மன்றத்துக்குப் பயந்து வாழ்ந்த தலைமுறைகளின் பிள்ளைகளே பின்னர் ஆம்ஸ்டர்டாமுக்கும் லிவோர்னோவுக்கும் லண்டனுக்கும் தப்பி ஓடி, மறுபடியும் வெளியரங்கமாக யூதர்களானார்கள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் பெயர்களில் இருப்பது கிறிஸ்தவர்கள் ஏற்படுத்திய காயத்தின் தழும்பு.

அந்தக் காயம் இந்தியாவுக்கும் வந்தது. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டவர். பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1568இல் அவர் மரித்தார். அடுத்த ஆண்டு அவருடைய சகோதரி கத்தரீனாவை விசாரணை மன்றத்தின் தீர்ப்பின்படி உயிரோடு எரித்தார்கள். 1580இல் அவருடைய எலும்புகளையும் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தார்கள். மரித்தவனையும் விட்டுவைக்காத அந்தத் தீயை மூட்டியவர்கள் சிலுவையைக் கையில் பிடித்திருந்தார்கள் என்பதை நாம் மறைக்கலாகாது.

ஒரு சேர அரசனின் வார்த்தை

இதற்கு நேர்மாறான ஒரு சாட்சி நம் அண்டை நாட்டில் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் யூத ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த செப்பேடுகள், கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி, சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் தங்கியிருந்தபோது ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கியவை. தமிழோடு ஒட்டிப் பிறந்த அக்காலச் சேரநாட்டு மொழியில், வட்டெழுத்தில் அவை வெட்டப்பட்டிருக்கின்றன. பல்லக்கும் குடையும் பறையும் உட்பட எழுபத்திரண்டு உரிமைகள். எவ்வளவு காலத்துக்கு? அவருக்கும் அவருடைய சந்ததிக்கும், உலகமும் சந்திரனும் இருக்கும் நாள் வரைக்கும்.

கோயில் கல்வெட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. தமிழ் அரசர்கள் நிலத்தையோ விளக்குக்கு ஆடுகளையோ தானம் கொடுக்கும்போது "சந்திராதித்தவரை" என்று எழுதுவார்கள். சந்திரனும் ஆதித்தனும், அதாவது நிலவும் ஞாயிறும், வானத்தில் இருக்குமட்டும் இந்தத் தானம் நிற்கும். என் மகனோ, என்னை வென்று வருகிற வேறு அரசனோ இதை அழிக்கலாகாது என்பது அதன் பொருள்.

இந்தச் செப்பேட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தியது, கி.பி. 849ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு. அது கொல்லத்தில் மார் சபீர் ஈசோ கட்டிய கிறிஸ்தவ ஆலயத்துக்கு வேணாட்டு அய்யனடிகள் கொடுத்த உரிமைப் பத்திரம். அதன் கடைசியில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிலர் அரபியிலும், சிலர் பாரசீகத்தின் பழைய எழுத்திலும், சிலர் எபிரெய எழுத்திலும். ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு தவறாது நிற்க வேண்டும் என்பதற்கு யூதர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்! பிரியமானவர்களே, இந்த ஒரு செய்தியை மறக்காமல் மனதில் வையுங்கள். நாம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கைக் குறித்து என்ன சாட்சி சொன்னோம் என்ற கேள்வி பின்னால் வரும்.

எரேமியா கண்ட வானம்

"சந்திராதித்தவரை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எரேமியா 31ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாபிலோனியனுடைய கையில் எருசலேம் விழப்போகும் நாட்கள் அவை. தீர்க்கதரிசி தன் ஜனத்தின் பாவத்தை மூடி மறைத்தவர் அல்ல. அவரைப்போல அதைக் கண்டித்தவர் சிலரே. ஆனால் அந்த அதிகாரத்தின் 35ஆம் வசனம் முதல் 37ஆம் வசனம் வரை கர்த்தர் பேசுவதைக் கேளுங்கள். பகலுக்குச் சூரியனையும் இரவுக்குச் சந்திர நட்சத்திரங்களையும் நியமித்தவர், இந்த நியமம் ஒழிந்துபோகுமானால்தான் இஸ்ரவேலின் சந்ததி ஒரு ஜனமாயிராமல் ஒழியும் என்கிறார். மேலே வானத்தை அளக்கவும் கீழே பூமியின் அஸ்திபாரங்களை ஆராய்ந்து முடிக்கவும் மனிதனால் கூடுமானால்தான், அவர்கள் செய்த எல்லாவற்றினிமித்தமும் அவர்களைத் தாம் வெறுத்துவிடுவார் என்கிறார். "அவர்கள் செய்த எல்லாவற்றினிமித்தமும்" என்ற பொருள்பட வரும் அந்தச் சொற்களைக் கவனியுங்கள். ஜனத்தின் பாவம் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் இந்த வாக்கைக் கொடுக்கிறார்.

தமிழில் சொன்னால், கர்த்தர் இஸ்ரவேலோடு சந்திராதித்தவரை உடன்படிக்கை செய்தார்.

அந்த உடன்படிக்கை எப்படித் தொடங்கியது என்பதையும் பாருங்கள். ஆதியாகமம் 15இல் ஆபிராம் மிருகங்களைத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறார். அக்கால வழக்கப்படி உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே நடந்துபோவார்கள். வாக்குத் தவறினால் இந்த மிருகத்துக்கு நேர்ந்தது எனக்கும் நேரட்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அன்று இரவு ஆபிராம் அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். புகைகிற சூளையும் எரிகிற தீவட்டியுமாகத் தேவன் ஒருவரே நடந்துபோகிறார். ஆணையின் முழுப் பாரத்தையும் தேவனே தம்மேல் ஏற்றுக்கொண்டார். தூங்குகிறவன் முறிக்கக்கூடிய உடன்படிக்கை அல்ல அது.

சபை மறந்த கதை

அப்படியானால் "தள்ளப்பட்ட ஜனம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அது மெல்ல மெல்ல வந்தது. கி.பி. 144இல் ரோமாபுரிச் சபை மார்சியோன் என்பவரை விலக்கியது. இஸ்ரவேலின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு. ஆகையால் எபிரெய வேதம் நமக்கு வேண்டாம் என்பது அவருடைய போதனை. சபை அதை மறுத்துப் பழைய ஏற்பாட்டைக் காத்துக்கொண்டது. அதற்காக நாம் தேவனைத் துதிக்கவேண்டும். ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்ட சபை, அந்தப் புத்தகத்தின் ஜனத்தை வெளியே நிறுத்தத் தொடங்கியது. 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் பொன்வாய் யோவான் என்று நாம் போற்றும் கிறிசொஸ்தோம், யூதப் பண்டிகைகளுக்குச் சென்ற கிறிஸ்தவர்களைத் தடுப்பதற்காகப் பிரசங்கித்தபோது யூதர்களைப்பற்றிக் கொட்டிய சொற்களை இந்தப் பக்கத்தில் எழுத எனக்கு மனமில்லை. அகஸ்டீன் அவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. யூதரைக் கொல்லலாகாது, அவர்கள் நம் வேதத்தின் மெய்மைக்குச் சாட்சிகள் என்றார். ஆயினும் அவருடைய போதனையில் அவர்கள் சிதறி, தாழ்ந்து கிடப்பதே அந்தச் சாட்சியாயிற்று.

பின்பு லூத்தர். 1523இல், இயேசு யூதராகப் பிறந்தவர் என்பதை நினைவூட்டி, யூதரை அன்போடு நடத்தும்படி எழுதியவர் அவரே. 1543இல், அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தும்படி எழுதியவரும் அவரே. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு ஜெர்மனியெங்கும் ஜெப ஆலயங்கள் எரிந்தன. அடுத்த நாள் லூத்தரின் பிறந்தநாள். அந்த நாட்களில் டீட்ரிக் பான்ஹோஃபர் என்ற இளம் போதகர் தம் வேதாகமத்தைத் திறந்து, தேவனுடைய ஆலயங்கள் தேசமெங்கும் சுட்டெரிக்கப்பட்டதைப் பற்றிப் புலம்பும் 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்துக்கு அருகில் அந்தத் தேதியைக் குறித்துவைத்தார். எரிந்தது யாரோ அந்நியருடைய கட்டடம் அல்ல என்பதை அவர் கண்டுகொண்டார். பெரும்பாலான ஆலயங்களில் அந்த ஞாயிறு வழக்கம்போல் ஆராதனை நடந்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

தேவன் கைவிட்டார் என்று பதினெட்டு நூற்றாண்டு பிரசங்கித்தோம். பின்பு மனிதர்கள் அவர்களைக் கைவிட்டபோது, நமக்கு அது பெரிய விபரீதமாகத் தோன்றவில்லை. கொல்லத்துச் செப்பேட்டில் அவர்கள் நமக்கு இட்ட சாட்சிக் கையெழுத்துக்கு நாம் செய்த கைம்மாறு இது.

மனந்திரும்புதலின் காலம்

தேவன் தம்முடைய சபையையும் கைவிடவில்லை. 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் "நோஸ்த்ரா ஏதாத்தே" என்ற அறிக்கையில், இயேசுவின் மரணத்துக்காக அக்காலத்து யூதர் அனைவரையுமோ இக்காலத்து யூதரையோ குற்றஞ்சாட்ட முடியாது என்றும், பிதாக்களினிமித்தம் அவர்கள் இன்னும் தேவனுக்குப் பிரியமானவர்கள் என்றும் அறிவித்தது. 1980இல் ஜெர்மனியின் ரைன்லாந்துப் புராட்டஸ்டண்டு சபையின் பேரவை, யூத ஜனத்தைத் தேவன் தெரிந்துகொண்டது இன்றும் நிலைத்திருக்கிறது என்று அறிக்கையிட்டது. 1994இல் அமெரிக்காவின் பெரிய லூத்தரன் சபை, லூத்தர் யூதருக்கு விரோதமாக எழுதியவற்றை வெளிப்படையாக மறுதலித்தது.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. போப் இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து, சாந்தோமில் யூதனான தோமாவின் கல்லறையில் ஜெபித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ரோமாபுரியின் ஜெப ஆலயத்துக்குள் நுழைந்து, யூதர்களை நம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். மயிலாப்பூரிலிருந்து அந்த வாசலுக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று என்று நான் சில நேரம் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் அதற்கு பத்தொன்பது நூற்றாண்டுகள் ஆயின.

ஆலமரமும் ஒலிவமரமும்

இவர்கள் எல்லாரும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. ரோமர் 11ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தார்கள், அவ்வளவே.

அடையாறு ஆலமரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1989இல் வீசிய புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இன்று நாம் காணும் தோப்பு, அதன் விழுதுகள் ஊன்றி நின்ற தோப்பு. நம்மில் பலர் சபையைக் குறித்து அப்படியே எண்ணுகிறோம்: இஸ்ரவேல் என்னும் தாய்மரம் சாய்ந்தது, விழுதுகளாகிய நாம் இப்போது நம் சொந்த வேரில் நிற்கிறோம். படம் அழகாயிருக்கிறது. ஆனால் அது பவுல் வரைந்த படம் அல்ல.

பவுல் காட்டுவது ஒலிவமரம். அதில் சில கிளைகள் முறிக்கப்பட்டன. எல்லாக் கிளைகளும் அல்ல. காட்டு ஒலிவமரக் கிளையாகிய நாம் அதில் ஒட்டவைக்கப்பட்டோம். மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். நல்ல இனத்துக் கிளையை நாட்டு வேரில் ஒட்டுவார்களே அன்றி, காட்டுக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டமாட்டார்கள். தேவன் சுபாவத்துக்கு விரோதமாக அப்படிச் செய்தார் என்று பவுலே ஒப்புக்கொள்ளுகிறார். தாய்மரம் விழவில்லை. வேர் உயிரோடு இருக்கிறது. நாம் வேரைத் தாங்கவில்லை, வேர் நம்மைத் தாங்குகிறது; ஆகையால் முறிந்த கிளைகளைப் பார்த்துப் பெருமை பாராட்டாதே என்கிறார். முறிந்தவற்றையும் மறுபடி ஒட்டவைக்கத் தேவன் வல்லவர் என்கிறார். கடைசியில், 29ஆம் வசனத்தில், தேவன் கொடுத்த வரங்களையும் அழைப்பையும் குறித்து அவர் மனம் மாறுவதில்லை என்று முடிக்கிறார்.

இதை அவர் யாருக்கு எழுதினார்? பேரரசன் கிலவுதியு யூதர்களை ரோமாபுரியைவிட்டு வெளியேற்றியதை அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அவர்கள் இல்லாத ஆண்டுகளில் புறஜாதி விசுவாசிகளே சபையை நடத்தினார்கள். யூத விசுவாசிகள் திரும்பி வந்தபோது, "இவர்கள் காலம் முடிந்தது" என்ற எண்ணம் அங்கே இருந்திருக்கக்கூடும். அந்த எண்ணத்தின் வேரிலேயே கோடரியை வைக்கிறார் அப்போஸ்தலர். கிறிஸ்துவை ஏற்காத தம் இனத்தாருக்காகத் தம் மனதில் இடைவிடாத வேதனை உண்டு என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு, உடன்படிக்கைகள் அவர்களுடையவை என்று நிகழ்காலத்தில் எழுதுகிறார் (ரோமர் 9:4).

"ஐயா, பழைய ஏற்பாடு பழையதாயிற்று என்று எபிரெயர் 8 சொல்லுகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே பேசப்படுவது ஆசாரியத்துவமும் பலிகளும். கிறிஸ்துவின் ஒரே பலிக்குப் பின் அவற்றுக்குத் திரும்பவேண்டியதில்லை என்பது அதன் வாதம். ஒரு ஜனம் தள்ளுண்டது என்று அது சொல்லவில்லை. அந்த அதிகாரம் எடுத்துக்காட்டும் எரேமியாவின் புதிய உடன்படிக்கையோ, இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் செய்யப்படுவது. அதன் பந்தியில் நாம் விருந்தாளிகளாக வந்து பிள்ளைகளாக்கப்பட்டோம். தமிழில் "பழையது" என்றாலே முந்தின நாள் சோறு நம் நினைவுக்கு வரும். ஆனால் பழையது என்பதற்கு மூத்தது என்றும் பொருள் உண்டு. வீட்டில் மூத்தவர் இருக்க, இளையவர் சொத்துப் பத்திரத்தைத் தன் பெயருக்குத் திருத்தி எழுதலாமா?

எது இதற்குப் பொருள் அல்ல

இரண்டு காரியங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, இயேசுவே கிறிஸ்து என்ற நம் அறிக்கையை நாம் மறைக்கவேண்டியதில்லை. இஸ்ரவேல் அனைத்தும் இரட்சிக்கப்படும் விதத்தைப் பவுல் இரகசியம் என்கிறார். இரகசியத்தை நாம் அட்டவணை போட்டு விளக்கவேண்டாம். அதைத் தேவனுடைய கையில் விட்டுவிடுவோம்.

இரண்டாவது, இந்த நாட்களில் கைப்பேசியில் ஒவ்வொரு போரும் தீர்க்கதரிசன நிறைவேறுதலாக வந்து சேருகிறது. தேவன் தம் உடன்படிக்கையில் உண்மையுள்ளவர் என்பதால், ஓர் அரசாங்கம் செய்யும் எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்திட்டுவிட்டார் என்று ஆகாது. ஆமோஸ் 3:2ஐ வாசியுங்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஜனத்திடமே அவர் அதிகமாகக் கணக்குக் கேட்கிறார். தாவீதை நேசித்தவர் நாத்தானை அனுப்பி, "அந்த மனுஷன் நீயே" என்று உணர்த்தினார். அந்த நிலத்தில் வாழும் பாலஸ்தீன ஜனமும், அவர்களுக்குள் நம் விசுவாசத்தைச் சேர்ந்த பழம்பெரும் சபைகளும், அதே தேவனின் சாயலைச் சுமந்தவர்கள். ஆபிரகாமுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கின் முடிவு, பூமியின் வம்சங்கள் எல்லாம் ஆசீர்வதிக்கப்படுவதே. யூதப் பிள்ளைக்காகவும் பாலஸ்தீனப் பிள்ளைக்காகவும் ஒரே மூச்சில் ஜெபிக்க முடியாத விசுவாசத்தை நான் உங்களுக்குக் கற்பிக்க விரும்பவில்லை.

நமக்கு ஏன் இது?

சென்னையில் இன்று ஒரு யூத அயலாரைக் காண்பதே அரிது. அப்படியிருக்க இந்தப் பாடம் நமக்கு எதற்கு?

ஏனென்றால் இது உங்கள் இரட்சிப்பைப் பற்றியது. ஒரு ஜனத்துக்குச் சூரியனையும் சந்திரனையும் சாட்சியாக வைத்து வாக்குக் கொடுத்த தேவன், அவர்கள் தவறியதும் அதைக் கிழித்துப்போட்டார் என்று சொல்லுவோமானால், நாம் தவறும் நாளில் நமக்கு என்ன நம்பிக்கை? நாம் தவறுகிறோமே! மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து "ஐயா, ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?" என்று கேட்கும் விசுவாசிக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இஸ்ரவேலைக் கைவிட்டவர் உன்னைக் கைவிடமாட்டார் என்று எந்த முகத்தோடு சொல்லுவேன்? யூதரைத் தேவன் தள்ளினார் என்ற பிரசங்கம், நாம் உட்கார்ந்திருக்கும் கிளையை நாமே வெட்டும் பிரசங்கம். அதை நான் வெட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அந்தச் சிறுமியின் கேள்வி எனக்குக் காட்டியது.

ஆகையால் உங்களிடம் மூன்று வேண்டுதல்கள். பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் சரித்திரத்தை வாசிக்கும்போது "யூதர்கள் கொன்றார்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதிருங்கள்; நம் பாவம் அவரைச் சிலுவைக்குக் கொண்டுபோனது என்பதே நம் விசுவாசம். "பரிசேயன்" என்ற சொல்லை வசைச்சொல்லாக வழங்குமுன், நிக்கொதேமுவையும் கமாலியேலையும் பவுலையும் நினையுங்கள். லாயிட்ஸ் ரோடு வழியாகப் போகும்போது ஒரு நிமிடம் நின்று நன்றி செலுத்துங்கள். நாம் பாடும் சங்கீதங்களும், நம் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களும், நாம் தொழும் மீட்பரின் மாம்சமும் அந்த ஜனத்திலிருந்து வந்தவை.

அந்தச் சிறுமிக்கு இப்போது இவ்வாறு பதில் சொல்லுகிறேன். இல்லை, மகளே. ஆண்டவர் அவர்களைத் தள்ளவில்லை. இன்று இரவு மொட்டைமாடிக்குப் போய், மயிலாப்பூரின்மேல் சந்திரன் இருக்கிறதா என்று பார். இருக்குமானால், அவருடைய வாக்கும் இருக்கிறது. அவர்களுக்கும் இருக்கிறது, அவர்களோடு ஒட்டவைக்கப்பட்ட உனக்கும் எனக்கும் இருக்கிறது.

ஜெபம் செய்வோம்:

ஆபிரகாமின் தேவனே, ஈசாக்கின் தேவனே, யாக்கோபின் தேவனே, எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் பிதாவே, நீர் மறவாதவர். நாங்கள் மறந்தோம். எங்கள் நாவினாலும் எங்கள் மௌனத்தினாலும் உம்முடைய முதற்பேறான ஜனத்துக்குச் செய்த தீங்கை எங்களுக்கு மன்னியும். எருசலேமுக்கும் அதைச் சுற்றிலும் வாழும் எல்லாருக்கும் நீதியோடுகூடிய சமாதானத்தைத் தாரும். எங்கள் உண்மை தவறும்போதும் உம்முடைய உண்மை எங்களைத் தாங்குவதாக. ஆமென்.